பாசியும் ஒரு பாடம்!

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் பாசி படிந்தபோது எனக்குப் பதினொரு வயது. சோப்புத் தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்து, கூழாங்கல்லைக்கூட விடாமல் கழுவிப் பளபளவென்று ஆக்கினேன். மறுநாள் காலை நான்கு மீன்களும் மேலே மிதந்தன. ‘இவ்வளவு சுத்தமா கழுவினேனே!’ என்று அழுதேன்.

இதே பாசி 1849-ல் லண்டனில் ஒரு வேதியியல்காரரையும் படுத்தியது. பெயர், ராபர்ட் வாரிங்டன். மருந்து தயாரிப்போர் சங்கத்தில் வேலை. பன்னிரண்டு காலன் கண்ணாடிப் பாத்திரத்தில் மணல், சேறு, ஒரு நீர்ச்செடி, இரண்டு தங்கமீன் வைத்தார். மீன் விடுகிற கரியமில வாயு செடிக்கு. செடி தருகிற ஆக்சிஜன் மீனுக்கு. வரவும் செலவும் சரி. தண்ணீர் மாற்றவே வேண்டாம்!

ஆனால், பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை. பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது. கண்ணாடி பூராவும் பச்சை வழுவழுப்பு. மனிதர் பிரஷ்ஷைத் தேடவில்லை. குளத்து நத்தைகள் ஐந்தாறைப் பிடித்து உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன. நத்தை இட்ட முட்டைகள் மீனுக்கு டிபன்! 1850-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ், ‘அக்வேரியம்’ என்ற பெயரிலேயே புத்தகம் போட்டார். வீட்டுக்கு வீடு தொட்டி மோகம்!

கணக்கில் இன்னொரு பங்குதாரர் இருந்தது வாரிங்டனுக்குத் தெரியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, விஷம். அதை யார் மாற்றுகிறார்கள்? அதே பெயர் கொண்ட அவருடைய மகன், ராதம்ஸ்டெட் பண்ணையில் மண்ணை ஆராய்ந்து, இது நுண்ணுயிர்கள் இரண்டு கட்டமாகச் செய்கிற வேலை என்று காட்டினார். ஆனால், அந்த உயிர்களைத் தனியாகப் பிரிக்க அவரால் முடியவில்லை. அதைச் சாதித்தவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில். அதே வகை வேலைக்காரர்கள்தான் நம் தொட்டியின் கூழாங்கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியிருக்கிறார்கள். நான் கழுவிக் கொட்டியது அவர்களைத்தான். போதாததற்கு சோப்பு மிச்சம் வேறு மீன்களின் செவுளில்!

சரி, பாசியை என்னதான் செய்வது? முன்பக்கக் கண்ணாடியை மட்டும் சுரண்டுங்கள். பஞ்சைக் குழாயடியில் பிழியாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்புக் காறையை நத்தை தொடாது. அதற்கு வினிகர். ஹீட்டரென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு வெளியே எடுங்கள். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து காறை பிடித்த இடத்தை மட்டும் ஊறவைத்தால், குமிழ்விட்டுக் கரையும். பிறகு நன்றாக அலச வேண்டும். சீக்கிரம் ஆகட்டுமே என்று ப்ளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. மீனுக்கு முன்னால் உங்களுக்குத்தான் ஆபத்து!

பின்பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் பச்சை இருந்துவிட்டுப் போகட்டும். விருந்தாளி முகம் சுளிப்பார். மீன் சுளிக்காது.