புது வீட்டு போர் தண்ணீர்: குழாயில் உப்புப் படியுதா? குடிக்கலாமா? முழு விவரம்

கிரகப்பிரவேசம் முடிந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. பளபளன்னு இருந்த குழாயில் வெள்ளைப் படலம். ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு. சோப்பு போட்டால் நுரையே வராது. வாடகை வீட்டில் ஓனர் தலைவலியாக இருந்த தண்ணீர், சொந்த வீடு வந்ததும் நம்ம தலைவலி! சேலம், நாமக்கல் பக்கம் முதல்முறை வீடு கட்டியவர்கள் பலரும் சந்திக்கும் சிக்கல் இது.

ஏன் இப்படி?

இந்தச் சமவெளியின் அடியில் இருப்பது பெரும்பாலும் கடினப் பாறை. மழைநீர் பாறை இடுக்குகளில்தான் தேங்கும். அங்கேயே நீண்ட காலம் கிடப்பதால் கால்சியம், மெக்னீசியம் கரைந்து தண்ணீர் கடினமாகிறது. நாடு முழுக்க போர் வண்டிகளை அனுப்பும் திருச்செங்கோடு இங்கேதான் இருக்கிறது. ஆனாலும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எது உண்மையான ஆபத்து?

உப்புப் படிவதால் ஹீட்டர் காயில், வாஷிங் மெஷின் கெடும். கரண்ட் பில் ஏறும். அது பணச் செலவு. உடம்பைப் பாதிப்பது புளோரைடு. இரு மாவட்டங்களிலும் சில பகுதி நிலத்தடி நீரில் இது அதிகம். நிறமும் கிடையாது, ருசியும் தெரியாது. பல் உருவாகும் வயதில் குழந்தைகள் குடித்தால் பற்களில் நிரந்தரக் கறை விழும். அளவு மிக அதிகமாக இருந்து, பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது.

அளவு எவ்வளவு இருக்கலாம்?

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் தரம் (ஒரு லிட்டருக்கு மில்லிகிராம்):

* டிடிஎஸ்: 500, வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை
* கடினத்தன்மை: 200, இல்லாவிட்டால் 600 வரை
* புளோரைடு: 1, இல்லாவிட்டால் 1.5 வரை

கையடக்க டிடிஎஸ் மீட்டர் புளோரைடைத் தனியாகக் காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடியுங்கள்.

எந்த மெஷின் வாங்கணும்?

* சாஃப்ட்னர்: குளிக்க, துவைக்க. கடினத்தன்மையைக் குறைக்கும், புளோரைடை நீக்காது. சோடியம் கூடும் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.
* ஆர்.ஓ.: குடிக்க, சமைக்க. புளோரைடையும் பெருமளவு குறைக்கும். கழிவு நீர் அதிகம். பாத்ரூம் கழுவப் பயன்படுத்தலாம்.
* மழைநீர் சேகரிப்பு: தமிழகத்தில் 2003 முதல் கட்டாயம். பெயருக்குக் குழி தோண்டாமல், மொட்டை மாடி நீர் நிலத்துக்குள் இறங்கும்படி அமையுங்கள்.

தண்ணீர் வராத போரை என்ன செய்வது?

திறந்தபடி விடவே கூடாது. 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்த 2 வயதுக் குழந்தை பலியானது. கைவிட்ட போரை மண், கற்களால் அடியிலிருந்து மேல்வரை நிரப்ப வேண்டும். புதிதாகப் போடும் முன் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி அவசியம்.

மெஷின் விற்பவர் வீட்டு வாசலுக்கு வரலாம். சோதனை அறிக்கை கையில் வந்த பிறகு மட்டும் பணத்தை எடுங்கள்.