சடுகுடு கபடியான கதை

2019 டிசம்பர் 9ஆம் திகதி காத்மண்டுவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளின் ஆண்கள் கபடி இறுதியாட்டம் நடைபெற்றது. இந்தியா 51, இலங்கை 18. புள்ளிகளை மட்டும் பார்ப்பவருக்கு இது படுதோல்வி. ஆனால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் எமது கடற்கரைப் பட்டினங்களில் அந்த வெள்ளிப் பதக்கத்தை எவரும் தோல்வியாகக் கருதவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் மணலில் காலால் கோடு கிழித்து ஆடிய ஒரு விளையாட்டு, நாட்டின் கொடியைத் தாங்கி மேடையேறி நின்றதே என்ற பெருமிதம்தான் எங்களிடம் இருந்தது.

அந்த மேடைக்குச் சடுகுடு எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் இன்று எழுத விரும்புகிறேன். வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு என்னுடன் பின்னோக்கி வரவேண்டும்.

தமிழகத்தில் சடுகுடு, வங்காளத்தில் ஹாடுடு, மராட்டியத்தில் ஹுதூது என ஒரே விளையாட்டுக்கு ஊருக்கொரு பெயர் இருந்தது. பெயர் மட்டுமல்ல, விதியும் ஊருக்கு ஊர் வேறு. ஒரு ஊரில் பிடிபட்டவன் வெளியேறிவிட வேண்டும்; இன்னொரு ஊரில் அவன் நின்றே ஆடலாம், எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேரும். இரண்டு ஊர்கள் மோதினால் ஆட்டத்தை விட வாக்குவாதமே அதிக நேரம் நடக்கும். என் சிறுவயதில் எங்களூர் மைதானத்தில் அப்படிப்பட்ட வாக்குவாதங்களை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். மஃரிபுக்குப் பாங்கு சொன்னால்தான் சண்டை ஓயும்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு காணும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டிய மண்ணில் ஆரம்பமானது. 1923இல் பரோடாவில் அச்சிட்ட விதிகளின் கீழ் அகில இந்தியப் போட்டி நடத்தப்பட்டது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது, அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் என்ற உடற்பயிற்சிக் கழகத்தினர் அங்கு சென்று கபடியை ஆடிக் காட்டினார்கள். ஆடிக்காட்டுவது வேறு, அங்கீகாரம் பெறுவது வேறு. உலகம் வேடிக்கை பார்த்தது, கைதட்டியது, கலைந்து சென்றது.

அங்கீகாரம் என்பது படிப்படியாக ஏறவேண்டிய ஏணி. 1938இல் கல்கத்தாவில் இந்திய ஒலிம்பிக் போட்டிகளில் கபடி சேர்ந்தது. 1950இல் அகில இந்தியக் கபடி சம்மேளனம் அமைந்தது. 1952இல் ஆண்களுக்கான முதலாவது தேசியப் போட்டி சென்னையில் நடந்தது. 1972இல் புதிதாய்ப் பிறந்த வங்காளதேசம் கபடியைத் தன் தேசிய விளையாட்டாக அறிவித்தது. 1978இல் பிலாயில் ஆசியச் சம்மேளனம் உருவாயிற்று. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் மீண்டும் ஒரு காட்சி ஆட்டம். 1985இல் டாக்காவில் தெற்காசியப் போட்டிகளில் இடம். இறுதியாக 1990இல் பெய்ஜிங்கில் பதக்கத்துக்குரிய ஆசிய விளையாட்டு. அந்த முதல் தங்கம் இந்தியாவுக்கு, வெள்ளி வங்காளதேசத்துக்கு, வெண்கலம் பாகிஸ்தானுக்கு.

பெர்லினிலிருந்து பெய்ஜிங் வரை 54 ஆண்டுகள். ஒரு மனிதன் பிறந்து, ஆடி, ஓய்ந்து, பேரனை மடியில் வைத்துக் கதை சொல்லும் காலம் அது.

எந்த விளையாட்டும் இந்த ஏணியைத் தவிர்த்துவிட முடியாது. 1981 ஜூன் 27ஆம் திகதி அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் காட்டில் பன்னிரண்டு பேர், மரங்களில் அடையாளமிடுவதற்கான சாயத் துப்பாக்கிகளை ஏந்தி ஒருவரையொருவர் வேட்டையாடி விளையாடினர். இன்று பெயின்ட்பால் என்று உலகம் அழைக்கும் விளையாட்டின் முதல் ஆட்டம் அது. அதில் வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடாமல், மரங்களுக்கிடையே மறைந்து சென்று கொடிகளைச் சேகரித்தார் என்பது சுவையான செய்தி. அதன் பின்னர் விதிகள், அணிகள், சுற்றுப்போட்டிகள், பரிசுப் பணம் எல்லாம் வந்தன. ஆயினும் ஒலிம்பிக்கின் வாசலை அது இன்னும் தாண்டவில்லை. அதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் இன்றும் உண்டு. வசதி படைத்த நாட்டில் பிறந்த விளையாட்டுக்கே இந்த நிலை என்றால், மணலில் பிறந்த சடுகுடுவின் பயணம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

பெய்ஜிங் போட்டிகள் தொடங்கிய நாள் 1990 செப்டம்பர் 22. அந்த நாள் எனக்கு மறக்காது, காரணம் விளையாட்டல்ல. அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னர், ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். அதற்கு முன்பே ஜூன் மாதத்திலிருந்து கல்முனைப் பகுதியில் தமிழ் மக்களும் தங்கள் உறவுகளை இழந்து கதறிக்கொண்டிருந்தனர். ஆசியாவே கபடியை அங்கீகரித்த மாதங்களில் எங்கள் கரையோரத்தில் மைதானங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வெளியே தலைகாட்ட ஆளில்லை.

இந்தக் கரையின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று பிரதான வீதியில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. முஸ்லிம் ஊருக்கு அடுத்தது தமிழ் ஊர், அதற்கடுத்தது மீண்டும் முஸ்லிம் ஊர். சடுகுடு ஆடுவதற்கு ஏழு பேர் மட்டும் போதாது, எதிரில் இன்னும் ஏழு பேர் வேண்டும். அந்த எதிரணி பெரும்பாலும் பக்கத்து ஊரிலிருந்தே வரவேண்டும். அந்த ஊருக்குப் போகவே அஞ்சும் காலத்தில் விளையாட்டு எப்படி நடக்கும்? போர் எங்களிடமிருந்து பறித்தவற்றின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் பத்திரிகைத் துறைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு கபடிச் சுற்றுப்போட்டி குறித்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். மூன்று வரிகளே அச்சாகி வந்தன. கேட்டபோது, "இதெல்லாம் பொடியன்களின் விளையாட்டு, கிரிக்கெட் இருந்தால் அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. சில நாட்களின் பின்னர் ஓர் இளைஞன் என் வீடு தேடி வந்தான். "காக்கா, அந்தப் பேப்பர் துண்டு ஒன்று கிடைக்குமா? வேலைக்கு விண்ணப்பம் போடுகிறேன், அதோடு சேர்த்து வைக்க வேண்டும்" என்றான். அவன்தான் அந்தப் போட்டியின் சிறந்த வீரன். ஆனால் அந்த மூன்று வரிகளில் கழகத்தின் பெயர் இருந்தது, அவனுடைய பெயர் இல்லை. பத்திரிகைத் துண்டை வாங்கி இருமுறை வாசித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பித் தந்தான். அங்கீகாரம் என்ற சொல்லின் பொருளை அன்றுதான் நான் முழுதாக உணர்ந்தேன்.

எமது நாட்டில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற சங்கம் இருந்தால்தான் ஒரு விளையாட்டுக்கு அரசின் கதவு திறக்கும். சங்கம் இருந்தால் தேசியப் போட்டி. தேசியப் போட்டி இருந்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் தொழிலுக்கும், பல்கலைக்கழகத்தின் விசேட அனுமதிக்கும் ஒரு வழி. வறிய மீனவரின் மகனுக்கும் விவசாயியின் மகனுக்கும் அந்தக் காகிதம் வெறும் காகிதமல்ல. கபடி அந்த வரிசைக்குள் வந்ததால்தான் நிந்தவூர் போன்ற ஊர்கள் தேசிய அணிக்கு வீரர்களை அனுப்ப முடிந்தது. தேசிய அணியில் ஆடிய அஸ்லம் சஜா அவ்வூரைச் சேர்ந்தவரே.

2014இல் இந்தியாவில் புரோ கபடி லீக் தொடங்கி, தொலைக்காட்சி வெளிச்சமும் ஏலப் பணமும் வந்து சேர்ந்தன. சடுகுடுவை ஏளனம் செய்தவர்களின் பிள்ளைகள் வீரர்களின் பெயர்களை மனனம் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் அங்கீகாரத்துடன் புதிய சிக்கல்களும் வந்தன. 2023 அக்டோபர் 7ஆம் திகதி ஹாங்சோவில் இந்தியாவும் ஈரானும் மோதிய ஆசிய இறுதியாட்டம் 28க்கு 28 என்ற நிலையில் சுமார் ஒரு மணிநேரம் நின்றுபோனது. எல்லைக்கோட்டைத் தாண்டிய வீரர்களுக்குப் பழைய விதியா, புதிய விதியா என்பதே தகராறு. இறுதியில் 33க்கு 29 என்று இந்தியா வென்றது. பரோடாவில் விதிகள் அச்சாகி நூறாண்டுகள் நிறைந்த ஆண்டில், எங்களூர் மைதானத்து வாக்குவாதம் ஆசிய அரங்கில் மறுபடி கேட்டது!

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் பெண்கள் கபடி சேர்க்கப்பட்டது. 2018இல் ஜகார்த்தாவில் ஈரானியப் பெண்கள் இந்தியாவை 27க்கு 24 என்று வீழ்த்தித் தங்கம் வென்றார்கள். அவர்கள் தலையை மறைத்து, முழு உடையணிந்து ஆடினார்கள். அவர்களைப் பயிற்றுவித்தவரோ மராட்டியத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்ற இந்தியப் பெண்மணி. எமது பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு ஆகாது என்று இங்கே சொல்பவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். நான் விவாதிக்க வரவில்லை. பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு கவலை. இதே கரையில் சீனடி என்றொரு தற்காப்புக் கலை இருக்கிறது; பொல்லடி இருக்கிறது. கல்யாண வீடுகளிலும் வரவேற்பு ஊர்வலங்களிலும் நாம் அவற்றைக் கண்டு கைதட்டுகிறோம். பெர்லினில் உலகம் கபடிக்குக் கைதட்டியது போல. ஆனால் கபடிக்குப் பின்னால் விதிகளை எழுதி வைத்தவர்களும் சங்கம் அமைத்தவர்களும் வீடு வீடாய்ச் சென்று சந்தா சேர்த்தவர்களும் இருந்தார்கள். சீனடிக்கு அது இன்னும் அமையவில்லை. அடிவரிசைகளை அறிந்த அண்ணாவிமார் ஒவ்வொருவராய் மறைந்து வருகிறார்கள். இருப்பவர்களின் எதிரில் ஓர் அப்பியாசக் கொப்பியுடன் எமது பட்டதாரிப் பிள்ளைகள் சென்று அமர்ந்தால் அதுவே ஏணியின் முதற்படி. மற்றப் படிகளுக்கு ஐம்பது ஆண்டுகள் ஆனாலும் ஆகட்டும்.

என் வீடு தேடி வந்த அந்த இளைஞன் பின்னர் தொழில் தேடி வளைகுடா நாடொன்றுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவன் திருப்பித் தந்த பத்திரிகைத் துண்டு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி எமது கரையோரத்தை அள்ளிச் சென்றபோது, என் மற்றக் காகிதங்களுடன் அதுவும் போனது. இன்று அந்தச் செய்தியை எழுதினால், அவனுடைய பெயரைத்தான் முதல் வரியில் எழுதுவேன்.