சின்ன வாசல்

பாழடைந்த பங்களாவின் படம் என்றால் பலருக்குக் கூரையில் முளைத்த செடிதான் கண்ணில் படும். எனக்கு ஜன்னல். கூரை சரிந்து, தரை பெயர்ந்த பிறகும் சுவரில் அந்த நீள்சதுரம் நிற்கும்.

ஜன்னல் போர்ச்சுகீசியரின் ஜனேலா. சாவி, அலமாரி, மேசை என்று நம் வீட்டுக்குள் பாதிச் சாமானை இறக்கியவர்கள் இதையும் இறக்கினார்கள். லத்தீனில் ஜானுவா என்றால் வாசல். ஜனேலா அதன் சிறுமை வடிவத்திலிருந்து வந்தது, சின்ன வாசல்.

அதற்குமுன் நம்மிடம் காலதர் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்து மாளிகைகளில் அது மான்கண் வடிவில் இருந்தது. சாளரமும் அந்நூலில் உண்டு. பலகணியில் வெளிப்படையாகவே கண் இருக்கிறது. ஆங்கிலேயரின் விண்டோவும் பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றுக்கண்’தான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டம் காற்றையும் கண்ணையும் பிடித்துக்கொண்டது வேடிக்கை.

நீலகிரியில் இந்தப் பெயர்களெல்லாம் தடுமாறுகின்றன. சமவெளி ஜன்னல் காற்றை அழைக்கும். உறைபனி கொட்டும் ஊரில் அதை வெளியே நிறுத்த வேண்டும், வெளிச்சம் மட்டும் உள்ளே வர வேண்டும். அதற்குத்தான் கண்ணாடி. 1819இல் மலையேறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் கட்டியது பெத்தக்கல் பங்களா. வெகுகாலம் சிதைந்து கிடந்து, பின்பு சீரமைக்கப்பட்டது. அவருக்குப் பின் மலையெங்கும் கண்ணாடி ஜன்னல் வைத்த பங்களாக்கள் எழுந்தன.

ஆளில்லாத வீட்டில் முதலில் விழுவது பெரும்பாலும் கண்ணாடிதான். சுண்ணப்பொடியும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்த பசையால் அதைச் சட்டத்தில் பதித்திருப்பார்கள். வெயிலிலும் மழையிலும் பசை காய்ந்து வெடிக்கும், பிடிப்பு விடும். தப்பிய கண்ணாடியைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். எதிரே நிற்கும் மரம் நெளிந்து தெரிந்தால் அது பழைய கண்ணாடி என்று நம்பலாம். நேராகத் தெரிந்தால் பெரும்பாலும் பிற்பாடு மாற்றியது. கண்ணாடி நூறாண்டில் வழிந்து இறங்குவதால் வந்த நெளிவு என்பார்கள். அது கட்டுக்கதை, செய்த அன்றே நெளிவு இருந்தது.

இதே மலையில் கண்ணாடியே தேவைப்படாத வீடும் இருந்தது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் பைக்காரா வருகிறது. அங்கே ஓடும் பைக்காரா ஆறு நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களுக்குப் புனிதமானது. மூங்கில், பிரம்பு, புல் கொண்டு பாதிப் பீப்பாய் போல வளைத்துக் கட்டிய அவர்களுடைய பழைய வீட்டுக்கு ஜன்னலே கிடையாது. முன்சுவரில் தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரே ஒரு திறப்பு. குளிரும் காட்டு விலங்கும் அதற்குமேல் அனுமதிக்கவில்லை.

லத்தீன்காரன் சொன்ன பொருளில் பார்த்தால், பைக்காராவின் முதல் ஜனேலா அதுதான்.