ஒலிநாடாவில் பிழைத்த கவிதை

சோமாலியக் கவிதையில் என்னை மிகவும் கவர்ந்தவர்கள் மனப்பாடக்காரர்கள். அந்த மொழிக்கு அரசு ஏற்ற எழுத்து 1972 வரை இல்லை. கேட்ட பாட்டைச் சொல் பிசகாமல் அடுத்த கூடாரத்தில் சொல்வார்கள். இயற்றியவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். பெயரை மறைப்பது பெரிய குற்றம்.

'கபய்' என்னும் நெடும்பாட்டில் எடுத்த மோனை கடைசிவரை மாறாது. 'த'வில் தொடங்கினால் நூறடி போனாலும் ஒவ்வோர் அடியிலும் 'த' வர வேண்டும். நினைவுக்கு அதுவே கைப்பிடி. பிரிட்டிஷாரை இருபது ஆண்டு எதிர்த்த சையித் முகமது அப்துல்லா ஹசன் படையோடு இத்தகைய பாட்டையும் ஏவினார்.

1972 அக்டோபரில் சோமாலியாவை ஆண்ட சியாத் பாரேயின் அரசு லத்தீன் எழுத்தை அறிவித்தது. 1974இல் மாணவர்களை நாட்டுப்புறத்துக்கு அனுப்பி மேய்ப்பர்களுக்கு எழுத்தறிவித்தது. பெரிய சாதனைதான். ஆனால் அதே அரசு கவிஞர் ஹத்ராவியை 1973 முதல் 1978 வரை சிறையில் அடைத்தது. அரசை எதிர்த்த கவிதைகள் கேசட்டுகளில் ஊர் ஊராகப் பரவின.

1988இல் உள்நாட்டுப் போரின்போது ஹர்கெய்சா நகரைச் சொந்த அரசின் விமானங்களே தகர்த்தன. வானொலி நிலையத்தின் ஒலிநாடாக்களைச் சிலர் மண்ணில் புதைத்துக் காப்பாற்றினார்கள். இன்று அங்குள்ள பண்பாட்டு மையம் ஆயிரக்கணக்கான கேசட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. 2008 முதல் புத்தகத் திருவிழாவும் நடக்கிறது.

நாடா நாளாக நாளாகத் தேயும். குரலை அடையாளம் காட்டக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும்.