அரை ஆள் கூலி

"கால் முடியாதவங்களை வெச்சு விவசாயம் பண்ணா கட்டுப்படியாகுமா?" தோட்டத்துக்கு வரும் நகரத்து நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது. நம்ம தோட்டத்தில் விதை மல்லாட்டை உரிப்பதும் நாற்றங்கால் பார்ப்பதும் ஒரு அண்ணன். சின்ன வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போனவர். அவரைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும்.

அந்தக் காலத்து விவசாயத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை நிறைய இருந்தது. மல்லாட்டை உடைப்பது, விதை பொறுக்குவது, கயிறு திரிப்பது, களத்தில் காயும் நெல்லுக்குக் காவல், கம்புக் கொல்லையில் தகரம் தட்டிக் குருவி விரட்டுவது. கண் தெரியாதவருக்கும் கால் முடியாதவருக்கும் இதில் ஏதாவது ஒன்று கிடைக்கும்.

அதுக்காக அதைப் பொற்காலம்னு சொல்லிட முடியாது. அவங்களுக்குக் கொடுத்தது 'அரை ஆள் கூலி'. சிறுவர்களுக்கும் கிழவர்களுக்கும் அளந்த அதே அளவு. நாள் முழுக்க உழைத்தாலும் பாதிதான். பெயரும் போய்விடும், நொண்டி, செவிடன் என்பதே கூப்பிடும் பெயர்.

பிறகு இயந்திரம் வந்தது. பசுமைப் புரட்சிக்குப் பின் பஞ்சாப், ஹரியானா பக்கம் கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர்கள் ஏராளம். அதனால் 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இயந்திரம் ஒரு பக்கம் உடம்பை ஊனமாக்கியது. இன்னொரு பக்கம், உட்கார்ந்து செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. மில்லில் கொடுத்தால் மூட்டை மூட்டையாகக் கடலை உடைந்து வருகிறது. திண்ணையில் உட்கார்ந்தவருக்கு வேலை ஏது?

சட்டங்கள் வராமல் இல்லை. 1995 சட்டம் அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கியது, 2016 சட்டம் அதை 4 ஆக்கியது. ஆனால் மூணு பேர் வேலை செய்யும் அஞ்சு ஏக்கர் தோட்டத்துக்கு இதில் எதுவும் பொருந்தாது.

கிராமத்தைத் தொட்டது நூறு நாள் வேலைதான். மாற்றுத்திறனாளிகள் 4 மணி நேரம் வேலை செய்தால் முழுக்கூலி என்று தமிழக அரசு 2012-இல் ஆணையிட்டது. தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது மாதிரி அவங்களால் முடிகிற வேலை. "பாதி நேரத்துக்கு முழுக்கூலியா?" என்று ஊரில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் யோசிச்சுப் பாருங்க: முழு நேரத்துக்குப் பாதிக்கூலி கொடுத்தபோது யாரும் முணுமுணுக்கலையே.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். இயந்திரத்தில் உடைத்த மல்லாட்டையில் பருப்பின் மெல்லிய தோல் கிழியும், பருப்பு ரெண்டாகப் பிளக்கும். விதைத்தால் முளைப்பு குறையும். விதைக்குக் கையால் உரித்ததுதான் சரி. அந்த அண்ணன் உரித்துப் பொறுக்கிய விதையை நான் மறுபடி பார்ப்பதில்லை. மிளகாய், கத்தரி நாற்றைத் தரைப் பாத்தியில் விடாமல், இடுப்பு உயர மேடையில் குழித்தட்டில் விடுகிறோம். குனியாமல் அவர் வேலை செய்யலாம், நமக்கும் இடுப்பு வலி மிச்சம். மூணு சக்கர வண்டி வர வரப்பை ஒட்டி ஒரு பாதை திமிசு போட்டு இறுக்கியிருக்கிறோம். அதே பாதையில்தான் எருவும் போகிறது. கூலி மத்தவங்களுக்கு என்னவோ அதே.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு இல்லை. அறுவடை நாளில் அவருக்குக் கொடுக்க வேலை இருக்காது, மழைக்காலத்தில் சேற்றில் வண்டி நகராது. அந்த நாட்களுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கலை.

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸின் (wild polio) கடைசி பாதிப்பு பதிவானது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். அண்ணன் மாதிரி ஒரு தலைமுறை இனி வராது, சந்தோஷம். ஆனால் சர்க்கரை நோயில் காலை எடுத்தவர்கள், பைக் விபத்தில் கை போனவர்கள் எங்க ஊரிலேயே இருக்காங்க. அவங்களும் விவசாயம் தெரிஞ்சவங்கதான். இடுப்பு உயரத்தில் இன்னொரு மேடை கட்ட இடம் இருக்கு.