பிராங்கிளின் எழுதக் கற்ற கதை

பெஞ்சமின் பிராங்கிளின் 1771-இல், தமது 65-ஆம் வயதில், சுயசரிதை எழுதத் தொடங்கினார். எழுதக் கற்ற கதையை அதில் விரிவாகவே சொல்கிறார். அவர் பள்ளிக்குச் சென்றது இரண்டே ஆண்டுகள். 12 வயதில் போஸ்டனில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

பெண்களுக்குக் கல்வி தேவையா என்று நண்பர் காலின்ஸோடு கடிதங்களில் வாதிட்டார் (தேவை என்றவர் பிராங்கிளின்தான்!). அவற்றைப் படித்த தந்தை, மகனிடம் எழுத்துப்பிழை குறைவு, ஆனால் நடையிலும் தெளிவிலும் நண்பனே மேல் என்றார். ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அதை அவர் மறக்கவில்லை.

லண்டனில் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' இதழின் தொகுதி ஒன்றை வாங்கினார். வாக்கியங்களின் கருத்தைக் குறித்து வைத்து, சில நாள் கழித்து மூலத்தைப் பாராமல் எழுதி, பின் ஒப்பிட்டுத் திருத்தினார். தம்மிடம் சொல்வளம் போதவில்லை என்று புரிந்தது. உடனே அதிலிருந்த சில கதைகளைச் செய்யுளாக்கினார். யாப்புக்குப் பொருந்தும் சொல்லைத் தேடித்தானே ஆக வேண்டும்! மறந்தபின் அதை மீண்டும் உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கலைத்துப்போட்டு மறுபடி அடுக்கியும் பழகினார். வேலை நேரம் போக, இரவும் விடியலும் ஞாயிறும்தான் இதற்குக் கிடைத்தன.

1722-இல், 'சைலன்ஸ் டூகுட்' என்ற கைம்பெண்ணின் பெயரில் எழுதி, அச்சகக் கதவுக்கு அடியில் இரவில் செருகி வைத்தார். எழுதியவர் யாரென்று தெரியாமலே அண்ணன் அதைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார். அந்தப் பெயரில் 14 கடிதங்கள் அச்சாயின. அப்போது தம்பிக்கு வயது 16.