திருட்டுக் கோழி

மேயப்போன கோழி கொடாப்புல, அதான் கோழி அடைக்கிற கூட்டுல, முட்டை வைக்காம தட்டுப்போருக்குள்ள வெச்சா "திருட்டுக் கோழி"ன்னு திட்டுவோம். அதோட சரித்திரம் தெரிஞ்சா திட்ட வாய் வராதுங்க.

கோழியோட மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. புதர் மறைவுல ஒவ்வொண்ணா முட்டை சேர்த்து அடை உக்காரும். தாய்லாந்துல பான் நோன் வாட்ங்கிற இடத்துல கிடைச்ச எலும்புகளை வெச்சு, கோழி மனுசனோட சேர்ந்து சுமார் 3,500 வருசம் ஆச்சுன்னு 2022-ல ஆய்வாளர்கள் சொன்னாங்க. நெல்லும் தினையும் விளைஞ்ச இடத்துக்குத் தானியம் பொறுக்க வந்த பறவை. தீனி நம்மகிட்ட, முட்டை மறைவுல. இன்னைக்கும் அதே புத்திதான்.

எங்கம்மா இதையெல்லாம் படிக்கல. கொடாப்போட இருட்டு மூலையில பழைய கூடை, கொஞ்சம் வைக்கோல், எடுக்காம விட்ட ஒரு முட்டை. "ஒண்ணு கெடந்தாத்தான் இன்னொண்ணு வரும்"பாங்க. காலைல கோழியத் தடவிப் பாத்து, முட்டை தட்டுப்பட்டா அது வெக்கிற வரைக்கும் திறந்துவிட மாட்டாங்க. நாலஞ்சு நாள்ல கோழி தானா கூடைக்கு வந்துரும். அந்த முட்டைக் காசுலதான் எனக்கு நோட்டும் பேனாவும்.

அப்புறம் வெள்ளை லெகார்ன் வந்துச்சு. அடை உக்கார்ற குணத்தையே குறைச்சு உருவாக்கின இனம். கூண்டுக்குள்ளயே வருசத்துக்கு 300 முட்டை. நாட்டுக்கோழி 80 வெச்சாலே பெருசு. எங்க தெருவுல கொடாப்புக காலியாச்சு, பொம்பளைங்க கையில பொழங்குன முட்டைக் காசும் போச்சு.

இப்ப என் சம்சாரம் பத்துக் கோழி வெச்சிருக்கா. தினமும் முட்டை எடுக்கறப்ப, ஒண்ண மட்டும் கூடையிலயே விட்டுட்டு வர்றா.